மழைக்கு முன்பே எழுத வேண்டிய செய்தி

அடைமழை நாளில் நம்மில் பலருக்கும் பழக்கமான புதிர் இது. கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. அழைத்தால் மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை. திரும்பத் திரும்ப முயன்று அலுத்துப்போய், ‘பத்திரமா இருக்கோம்’ என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. குரல் போகாத வழியில் எழுத்து எப்படிப் போகிறது?

இதைவிட வியப்பான ஒன்றும் நடந்தது. 2023-ல் நாட்டின் பல பகுதிகளில் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. திரையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சோதனைச் செய்தி. அதற்காக யாரும் எண்ணைப் பதிவு செய்யவில்லை, எந்தச் செயலியையும் இறக்கவில்லை. ஒரு தெருவின் அழைப்புகளையே தாங்காமல் திணறும் வலைப்பின்னல், இத்தனை கைப்பேசிகளுக்கு ஒரே நொடியில் செய்தி சொன்னது எப்படி?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், பேரிடர் வருமுன் ஒரு நகராட்சியோ ஊராட்சியோ எதையெல்லாம் தயார் செய்து வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெள்ளத்தில் உயிர் போவது தண்ணீரால் மட்டுமல்ல. வர வேண்டிய செய்தி வராததாலும், வந்த செய்தி புரியாததாலும்தான்.

இருநூறு இலைப் பந்தி

ஆயிரம் பேரை அழைத்த கல்யாணத்தில் ஆயிரம் இலை போடும் இடம் பெரும்பாலான மண்டபங்களில் இருப்பதில்லை. பந்தியில் இருநூறு இலை போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார மாட்டார்கள் என்ற கணக்குத்தான் காரணம். தொலைபேசி வலைப்பின்னலும் இதே கணக்கில்தான் கட்டப்படுகிறது. இந்தக் கணக்கை அறிவியலாக்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங். எத்தனை சந்தாதாரர்களுக்கு எத்தனை இணைப்புத் தடங்கள் இருந்தால், எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதை 1909 முதல் எழுதிய கட்டுரைகளில் அவர் வகுத்துக் காட்டினார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சாதாரண நாளில் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. வெள்ள நாளிலோ ஊரே ஒரே நேரத்தில் பந்திக்கு வந்து நிற்கிறது. கைப்பேசியில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இடம் இருக்கிறதா என்று சொல்லாது. அழைப்பு என்பது பேசி முடிக்கும்வரை ஓர் இலையைப் பிடித்து வைத்திருக்கும் விருந்தாளி. எஸ்எம்எஸ் அப்படியல்ல. நொடிப் பொழுதில் வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிடும். இடம் இல்லையென்றால் செய்தி மையத்தில் காத்திருந்து மறுபடி முயலும். அதனால்தான் குரல் போகாத வழியில் எழுத்து போகிறது.

ஆனால், நகராட்சி ஒரு லட்சம் பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது ஒரு லட்சம் தனித்தனிச் செய்தி. ஒவ்வொரு விருந்தாளியையும் தேடிப் போய்க் காதில் சொல்லும் வேலை அது. கடைசி ஆளுக்குச் செய்தி வரும்போது தண்ணீரும் வந்திருக்கலாம்.

2023-ல் சோதித்தது வேறொரு முறை. பெயர் செல் பிராட்காஸ்ட். தமிழில் ‘வட்டார ஒலிபரப்பு’ எனலாம். மண்டபத்தில் மைக் பிடித்து ஒரு தடவை அறிவிப்பதைப் போன்றது. கோபுரம் ஒருமுறை சொல்கிறது. அதன் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் எல்லாம் கேட்டுக்கொள்கின்றன. நூறு பேர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும் கோபுரத்துக்கு ஒரே வேலை. யாருடைய எண்ணும் தேவையில்லை என்பதால், வெளியூரிலிருந்து வந்து அந்த வட்டாரத்தில் தங்கியிருப்பவருக்கும் செய்தி கிடைக்கும். ஜப்பான் 2007-லிருந்தே இந்த வழியில் நிலநடுக்க எச்சரிக்கை தருகிறது. இந்தியாவில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் இதற்கான அமைப்பை உருவாக்கியிருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. இது ஒருவழிப் பாதை. யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரியாது. கோபுரத்தில் மின்சாரம் இல்லையென்றால் மைக்கும் இல்லை.

எழுபது இடங்களில் ஓர் எச்சரிக்கை

வழி கிடைத்துவிட்டது. அதில் என்ன எழுதி அனுப்புவது? தமிழில் எழுதும் உள்ளாட்சிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு யூனிகோடு வேண்டும். அதனால் 70 இடங்கள்தான். அந்த 70-ம் 70 எழுத்துகள் அல்ல. ‘க’ ஓர் இடம். ‘க்’ என்றால் மெய்க்குரிய புள்ளி தனி இடம். ‘கா’ என்றால் துணைக்கால் தனி இடம்.

ஒரு செய்தியை எண்ணிப் பார்ப்போம்: ‘அடையாறு கரையோர மக்கள் உடனே வெளியேறவும்’. கண்ணுக்குத் தெரிவது 21 எழுத்தும் 4 இடைவெளியும். கணினிக்கு இது 38 இடங்கள். பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. யார் சொல்கிறார்கள், எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் மிச்சமுள்ள 32 இடங்களில் சொல்லியாக வேண்டும். நீளமாக எழுதினால் செய்தி துண்டுகளாக உடைந்து தனித்தனியே பயணிக்கும். நெரிசலில் அவை தாமதமாகவோ அரைகுறையாகவோ வந்து சேரும். வட்டார ஒலிபரப்பில் தமிழுக்கு ஏறத்தாழ 600 இடங்கள் கிடைக்கும். அதுவும் ஒரு சிறு பத்திதான்.

இந்தச் சுருக்கத்தை நள்ளிரவில், தொலைபேசி இடைவிடாமல் ஒலிக்கும் கட்டுப்பாட்டு அறையில், தூக்கமில்லாத ஓர் ஊழியர் புதிதாக யோசித்து எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் ஊருக்கும் அநியாயம். ஏரி திறப்பு, ஆற்றுக் கரை உடைப்பு, மின் துண்டிப்பு, குடிநீர் மாசு, முகாம் மாற்றம் என்று நேரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் வாசகங்களை முன்பே எழுதி, இடங்களை எண்ணி, தெருப் பெயரையும் நேரத்தையும் மட்டும் நிரப்பும்படி வைத்திருக்க வேண்டும்.

கேட்டதும் ஓடுவதில்லை மனிதர்கள்

எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள் என்ற அச்சம் பல அதிகாரிகளிடம் உண்டு. ஆய்வுகள் சொல்வது வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1990-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வெள்ளம், சூறாவளி, ரசாயனக் கசிவு என எந்த இடராக இருந்தாலும், தப்பியவர்களைத் தேடிப் போய், ‘எப்போது கேட்டீர்கள், உடனே என்ன செய்தீர்கள்’ என்று விசாரித்துச் சேர்த்த ஆய்வுகள் அவை. அவற்றில் மறுபடி மறுபடி தெரிந்த விஷயம் இதுதான்: எச்சரிக்கை கேட்டவர் முதலில் செய்வது ஓடுவதல்ல, விசாரிப்பது. ஜன்னலைத் திறந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டாரைக் கேட்கிறார். மைத்துனருக்குப் போன் போடுகிறார். தொலைக்காட்சியை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இரண்டு மூன்று இடங்களில் ஒரே செய்தி கிடைத்த பிறகுதான் பெட்டியைக் கட்டுகிறார்.

இந்த விசாரிப்பு நேரத்தைக் குறைப்பதுதான் நல்ல செய்தியின் வேலை. சொல்பவர் யார், ஆபத்து என்ன, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் கேட்பவர் விரைவாக நம்புகிறார். அதே செய்தி வானொலியிலும் கைப்பேசியிலும் ஒலிபெருக்கியிலும் மாறாமல் வந்தால் இன்னும் விரைவாக. இதற்கென்றே உலகம் முழுவதும் ஒரு பொதுவடிவம் இருக்கிறது. பொது எச்சரிக்கை நெறிமுறை என்று அதைச் சொல்லலாம். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, எந்தப் பரப்பு, என்ன அறிவுரை என்று கட்டம் கட்டமாக ஒருமுறை நிரப்பினால், அதே தகவல் கைப்பேசிக்கும் இணையதளத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பிரிந்து போகும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் இந்த வடிவத்தில்தான் இயங்குகிறது.

அப்படியானால் உள்ளாட்சிக்கு இதில் என்ன வேலை? இடத்தையும் அறிவுரையையும் நிரப்ப வேண்டியது அதுதான். 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. பொறியாளருக்கு அந்த எண்ணில் எல்லாம் இருக்கிறது. அந்த நீர் பாயும் அடையாற்றின் கரையில், ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. தன் தெருவுக்குத் தண்ணீர் வருமா, முழங்கால் வரையா மாடி வரையா, எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்பதுதான் அவர் கேள்வி. எவ்வளவு நீர் திறந்தால் எந்தெந்தத் தெரு மூழ்கும் என்ற பட்டியலை முந்தைய வெள்ளங்களின் தடத்தைப் பார்த்து வார்டு வாரியாகத் தயாரிக்க முடியும். தெருவை அறிந்தவர்கள் உள்ளாட்சி ஊழியர்கள். கனஅடியைத் தெருவாக மாற்றிச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

பிசகிய இரண்டு இடங்கள்

2021 ஜூலை 14 இரவு, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம். மேற்பகுதிக் கிராமங்கள் மாலையிலேயே மூழ்கத் தொடங்கிவிட்டன. மாவட்ட நிர்வாகத்தின் வெளியேற்ற அறிவிப்பு இரவு 11 மணிக்குப் பிறகுதான் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேறும்படி அது சொன்னது. தண்ணீரோ அதற்கு அப்பாலும் போனது. கீழ்ப்பகுதியில், ஆர் ஆறு ரைனில் கலக்கும் சின்சிக் ஊரை வெள்ளம் நள்ளிரவு கடந்துதான் எட்டியது. மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது. இருந்தும் அங்கே மாற்றுத்திறனாளிகள் இல்லமொன்றில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாடு, எச்சரிக்கைச் செயலிகளும் இருந்தன. ஆனால் செயலி, அதை இறக்கியவருக்கு மட்டுமே பயன்படும். ஜெர்மனி வட்டார ஒலிபரப்பைத் தொடங்கியது அதன் பிறகு, 2023 பிப்ரவரியில்.

சின்சிக் மரணங்கள் இன்னொன்றையும் கற்றுத்தருகின்றன. எச்சரிக்கையைப் படிக்க முடியாதவர், கேட்க முடியாதவர், படித்தாலும் தானாக எழுந்து போக முடியாதவர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல், செய்தி அனுப்பும் அறையின் மேசையில் இருக்க வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை செய்தி போக வேண்டியது அவர்கள் கைப்பேசிக்கு அல்ல; அவர்களைத் தூக்கிச் செல்லப் பொறுப்பேற்றவரின் கைப்பேசிக்கு.

இரண்டாவது, ஹவாய். 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வருவதாகவும் இது பயிற்சி அல்ல என்றும் மாநிலம் முழுவதும் கைப்பேசிகளில் எச்சரிக்கை வந்தது. தவறான எச்சரிக்கை. பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மறைவிடம் தேடினார்கள். ‘தவறு’ என்ற மறுப்பு அதே கைப்பேசி வழியில் வர 38 நிமிடங்கள் ஆயின. ஏவுகணை வரவில்லை என்று அதிகாரிகளுக்குச் சில நிமிடங்களிலேயே தெரியும். ஆனால் மறுப்புச் செய்திக்கு வாசகமும் இல்லை, வழிமுறையும் இல்லை. ஆளுநருக்கோ தம் ட்விட்டர் கணக்குக்குள் நுழையும் விவரம் நினைவில்லை. அதை அவரே பிறகு சொன்னார்.

கோடிக்கணக்கில் செலவழித்து நிறுவிய அமைப்பு கடைசியில் ஒரு கடவுச்சொல்லில் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நகராட்சிக் கணக்குகளின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அவர் மாற்றலாகிப் போனால்? அவர் வீடே வெள்ளத்தில் இருந்தால்? ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘முன்னர் அனுப்பிய செய்தி தவறு’ என்ற வாசகமும் தயாராக இருக்க வேண்டும்.

மின்சாரம் போன பிறகு

2015 சென்னை வெள்ளத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்தன. பல பகுதிகளில் கைப்பேசி ஊமையானது.  எந்த ஒரு வழியையும் மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது போதும். ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் அதன் வாடிக்கையாளர்களை இன்னொரு நிறுவனத்தின் கோபுரத்தோடு இணைக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை புயல் காலங்களில் திறந்துவிடுகிறது. அதுவும் தவறினால் வயர்லெஸ், செயற்கைக்கோள் தொலைபேசி, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி.

ஒலிபெருக்கியின் வலிமையைக் காட்டிய ஊர் புதுச்சேரியின் நல்லவாடு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவியோடு கிராம அறிவு மையம் ஒன்று இயங்கியது. கடலின் அலை உயரம், வானிலை, மீன் விலை எல்லாம் அன்றாடம் ஒலிபெருக்கியில் சொல்லப்படும். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊர் மக்கள் அலை வருவதற்குள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்தது அல்ல. மீன் விலை சொல்வதற்கு. அன்றாடம் பயன்பட்டதால் அது பழுதில்லாமல் இருந்தது, இயக்கத் தெரிந்தவர் இருந்தார், அந்தக் குரலை ஊர் நம்பியது. பேரிடருக்கு மட்டும் என்று உருவாக்கி ஆண்டு முழுதும் உறங்கும் செயலிக்கு இந்த மூன்றும் கிடையாது. குடிநீர் வரும் நேரம், தடுப்பூசி முகாம், வரி கட்டக் கடைசி நாள் என்று தினசரிச் செய்திகளைச் சொல்லிப் பழகிய வழிதான் ஆபத்து நாளில் மதிக்கப்படும்.

தண்ணீர் வடிந்த பிறகு

மீட்புப் படகுகள் திரும்பிய பிறகும் செய்தியின் வேலை ஓய்வதில்லை. கிணற்று நீரைக் குடிக்கலாமா, நனைந்துபோன பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் எங்கே போவது, நிவாரணத் தொகைக்கு டோக்கன் எப்போது என்று மாதக்கணக்கில் கேள்விகள் வரும். 2023-ல் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியே டோக்கன் முறையில் வழங்கப்பட்டது. இத்தகைய நேரத்தில் தேதியும் தெருவும் தெளிவாகச் சொல்லப்பட்டால் முதியவர்கள் வெயிலில் வீணாக நிற்க வேண்டியதில்லை.

இங்கே பெரும்பாலும் தவறவிடப்படும் எளிய காரியம், எழுத்தை எழுத்தாகவே வெளியிடுவது. கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் நம் அலுவலகங்களில் ஊறிவிட்டது. ஆயிரம் குறியீடுகள் கொண்ட தமிழ் அறிக்கை எழுத்தாகப் போனால் சுமார் 3,000 பைட். கைப்பேசியில் எடுத்த படமாகப் போனால் அது பல மடங்கு பெரிதாகிவிடும். நலிந்த இணைப்பில் எழுத்து இறங்கிவிடும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தைத் தேட முடியாது. பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளால் அதைச் சரியாகப் படிக்கவும் முடியாது. 2017-ல் இர்மா சூறாவளியின்போது அமெரிக்காவின் சிஎன்என், படங்களே இல்லாத வெறும் எழுத்துப் பக்கத்தை இணையத்தில் திறந்தது. அப்படி ஒரு பக்கம் நம் நகராட்சித் தளங்களுக்கும் வேண்டும். அந்தத் தளத்தை இயக்கும் கணினி, மூழ்கும் ஊரிலேயே இருக்கவும் கூடாது.

இன்னொன்று, பழைய செய்தி. ‘இந்த முகவரியில் கர்ப்பிணி சிக்கியிருக்கிறார், பகிருங்கள்’ என்ற வேண்டுகோள், அவர் மீட்கப்பட்ட பிறகும் பலமுறை சுற்றிவரும். படகு ஒன்று வெறும் வீட்டைத் தேடிப் போகும். 2015-ல் சென்னைத் தன்னார்வலர்கள் இணையத்தில் பொதுப்பட்டியல்களும் மூழ்கிய தெருக்களின் வரைபடமும் உருவாக்கி ஏராளமானோருக்கு உதவினார்கள். அந்த உழைப்பும் அரசின் உழைப்பும் ஒரே பட்டியலில் சேர வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், தேதி, நேரம், ‘முடிந்தது’ என்ற குறிப்பு. சென்னை மாநகராட்சியின் 1913-க்கு வரும் அழைப்பும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு வரும் அழைப்பும் தன்னார்வலரின் பதிவும் அதில் அமர வேண்டும். இந்த ஏற்பாட்டை மழைக்கு நடுவே உருவாக்க முடியாது.

செப்டம்பரில் ஒரு நாள்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் பெரிய நிதி தேவையில்லை. எழுதி வைத்த வாசகங்கள், தெருவாரிப் பட்டியல், உதவி தேவைப்படுவோர் பட்டியல், மாற்று ஆட்களின் பெயர்கள், எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கம், பேட்டரி ஒலிபெருக்கி. தேவைப்படுவது உட்கார்ந்து வேலை செய்யும் நேரமும், அதைக் கேட்டு வாங்கும் மக்களும்தான்.

இவையெல்லாம் ஆயத்தமாக இருக்கின்றனவா என்று சோதிக்கவும் வழி உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு நாள், நகராட்சி அலுவலகத்தின் மின்சாரத்தையும் இணையத்தையும் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒரு பயிற்சிச் செய்தியை ஊருக்கு அனுப்பிப் பார்க்கட்டும். கடைசித் தெருவில், ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டில், அது எத்தனை மணிக்குக் கிடைத்தது, அவர்கள் அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று போய்க் கேட்டு எழுதட்டும். அந்த முடிவை அடுத்த மன்றக் கூட்டத்தில் படிக்கட்டும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை நீங்களே கேட்கலாம்; கிராமசபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். தெருவிளக்கும் குடிநீரும் கேட்பதைப் போல, ஆபத்து நாளில் நமக்கு வர வேண்டிய செய்தியையும் முன்கூட்டியே கேட்டு வாங்குவது நம் உரிமை.